ஐஇஎல்டிஎஸ் ஸ்பீக்கிங்: டென்ஸுக்கு முன்னால் காலச் சொல்

வெளிநாட்டில் படிக்க, வேலை பார்க்கப் போகிறவர்களின் ஆங்கிலத் திறனைச் சோதிக்கும் ஐஇஎல்டிஎஸ் தேர்வை எழுதப் போகிறேன் என்று சொன்னதும் கையில் கிடைக்கும் முதல் பொருள் பன்னிரண்டு டென்ஸ் அட்டவணைதான். சேலத்தில் நான் படித்த பயிற்சி மையத்திலும் முதல் வாரம் முழுக்க அதுவே ஓடியது. அட்டவணை தப்பு என்று சொல்ல மாட்டேன். ஆனால் தேர்வாளர் எதிரில் உட்கார்ந்து கேள்வி கேட்கும்போது, இது பிரசன்ட் பெர்ஃபெக்டா, சிம்பிள் பாஸ்டா என்று யோசித்துக்கொண்டிருக்க நேரம் ஏது? எனக்கு ஸ்பீக்கிங்கில், அதாவது பேச்சுப் பகுதியில், ஒன்பதுக்கு 7.5 வாங்கித் தந்தது வேறு வழி. ஆங்கிலத்தில் காலம் காட்டும் சின்னச் சின்னச் சொற்களை, அவற்றோடு வரும் வினையையும் சேர்த்து வாயில் பழக்கிக்கொண்டேன். சொல் சரியாக விழுந்தால் டென்ஸ் பின்னாலேயே வந்துவிடும்.

ஸ்பீக்கிங் தேர்வு மொத்தம் 11 முதல் 14 நிமிடம், மூன்று பகுதி. முதலில் வீடு, வேலை, பொழுதுபோக்கு பற்றிக் கேட்பார்கள். அடுத்து ஒரு அட்டையைக் கொடுத்து, ஒரு நிமிடம் யோசிக்கவிட்டு, இரண்டு நிமிடம் வரை பேசச் சொல்வார்கள். மூன்றாவது கொஞ்சம் ஆழமான உரையாடல். அன்றைக்கு எப்படி, இன்றைக்கு எப்படி என்கிற ஒப்பீடு அதில் அடிக்கடி வரும். மூன்றிலுமே காலத்தைத் தொடாமல் தப்பிக்க முடியாது.

முதல் பகுதியிலேயே 'இங்கே எவ்வளவு நாளாக இருக்கிறீர்கள்' என்று கேட்கக்கூடும். நம்மவர்கள் பலர் சொல்வது: 'ஐ ஆம் லிவிங் இன் சேலம் சின்ஸ் த்ரீ இயர்ஸ்.' இரண்டு இடத்தில் அடி வாங்கும் வாக்கியம் இது. 'சின்ஸ்' தொடங்கிய புள்ளியைக் கேட்கும்: சின்ஸ் 2021, சின்ஸ் மே, சின்ஸ் ஐ ஃபினிஷ்டு காலேஜ். நீளத்தைச் சொல்ல 'ஃபார்': ஃபார் த்ரீ இயர்ஸ். இப்போதும் அங்கேயே இருந்தால் இரண்டுக்கும் 'ஐ ஹேவ் லிவ்டு' அல்லது 'ஐ ஹேவ் பீன் லிவிங்'. 'அகோ' வந்துவிட்டால் கதையே வேறு. அது முடிந்துபோன ஒரு நொடியைக் காட்டுவது, 'ஹேவ்' பக்கத்தில் உட்காரவே உட்காராது. 'ஐ மூவ்டு ஹியர் த்ரீ இயர்ஸ் அகோ', அவ்வளவுதான். ஒரே தகவலை இந்த மூன்று விதத்திலும் சொல்லிப் பழகுங்கள். குளிக்கும்போது, பஸ்ஸுக்கு நிற்கும்போது, எங்கே வேண்டுமானாலும். மற்ற எதைவிடவும் எனக்குப் பலன் தந்த பயிற்சி இது.

'டுடே மார்னிங்', 'யெஸ்டர்டே நைட்' இரண்டையும் விட்டுவிடுங்கள். ஆங்கிலேயர் 'திஸ் மார்னிங்', 'லாஸ்ட் நைட்' என்பார்கள். 'டுமாரோ மார்னிங்', 'யெஸ்டர்டே மார்னிங்' மட்டும் சரியாம்! இதில் நியாயம் தேடாமல் அப்படியே ஏற்றுக்கொள்வது நல்லது. இன்னொன்று, 'லாஸ்ட்', 'நெக்ஸ்ட்', 'திஸ்', 'எவ்ரி' முன்னால் இருந்தால் 'ஆன்', 'இன்' வேண்டாம். 'ஆன் மண்டே' சரி, 'ஆன் லாஸ்ட் மண்டே' கூடாது. குறித்த நாளுக்கு முன்னாலேயே வைத்துக்கொள்வதைச் சொல்லும் 'ப்ரீபோன்' நம் நாட்டுச் சரக்கு. வெளியே பலருக்குப் புரியாது. 'பிரிங் ஃபார்வர்டு' என்றால் வம்பில்லை.

நம் 'இன்னும்' ஒன்றுக்கு அங்கே இரண்டு சொல். நடந்துகொண்டே இருப்பதற்கு 'ஸ்டில்': 'இட் இஸ் ஸ்டில் ரெய்னிங்.' நடக்காததற்கும் கேள்விக்கும் 'யெட்': 'தி பஸ் ஹேஸ்ன்ட் கம் யெட்.' யெட் பெரும்பாலும் வாக்கியத்தின் கடைசியில் நிற்கும், ஸ்டில் நடுவில். 'ஜஸ்ட்', 'ஆல்ரெடி', 'யெட்' மூன்றுக்கும் பிரிட்டிஷ்காரர்கள் பொதுவாக 'ஹேவ்' சேர்ப்பார்கள். அமெரிக்கர்கள் 'டிட் யூ ஈட் யெட்' என்று சாதாரணமாகக் கேட்பார்கள். தேர்வில் இரண்டும் செல்லும்.

இனி அட்டை. இதற்கு ஒரு பொருளைச் சொந்த ஊரிலிருந்து தயாராக வைத்திருப்பது புத்திசாலித்தனம். நான் எடுத்துக்கொண்டது ஏற்காட்டுக் காபி. செடி, இடம், ஊர்த் தொழில், பிடித்த பருவம் என்று எந்த அட்டை வந்தாலும் வளைத்துக்கொள்ளலாம். எஸ்டேட்டில் வேலை பார்க்கும் என் மாமாவிடம் காபி பூப்பதைப் பற்றிக் கேட்டபோது, "கோடை மழ பேஞ்சு ஒம்போதாம் நாள் வந்து பாரு கண்ணு, தோட்டமே வெள்ளையா நிக்கும். ரெண்டு நாள் கழிச்சு வந்தா ஒண்ணுமிருக்காது" என்றார். இதில் எத்தனை காலச் சொல் பாருங்கள்! அதை அப்படியே ஆங்கிலத்துக்குக் கொண்டுபோனேன். மார்ச், ஏப்ரல் மழைக்கு 'ஷார்ட்லி ஆஃப்டர் தி ஃபர்ஸ்ட் சம்மர் ஷவர்ஸ்'. பூ வாடுவதற்கு 'வித்தின் எ ஃப்யூ டேஸ்'. பழம் பறிப்புக்கு 'ஃப்ரம் நவம்பர் ஆன்வர்ட்ஸ்'. 'மை அங்கிள் யூஷுவலி கால்ஸ் மி இன் எர்லி ஏப்ரல்' என்று ஒரு வரி போட்டால் வழக்கத்தைச் சொல்லும் சொல்லும் வந்துவிடுகிறது. 'யூஷுவலி', 'ஆல்வேஸ்' போன்றவை வினைக்கு முன்னால். 'இஸ்', 'வாஸ்' இருந்தால் அதற்குப் பின்னால். 'யெஸ்டர்டே' போன்றவை வாக்கியத்தின் தலையிலோ வாலிலோதான். 'ஐ யெஸ்டர்டே சா' என்றால் காதில் உறுத்தும்.

ஏற்காட்டுக்கு இருபது கொண்டை ஊசி வளைவு ஏறும் பஸ் பயணத்தைச் சொல்லும்போது கவனம். அந்த நீளம் பெயர்ச்சொல்லுக்கு முன்னால் அடைமொழியாக வந்தால் பன்மை வராது: 'எ டூ-அவர் ஜர்னி', 'எ ஃபார்ட்டி-இயர்-ஓல்ட் எஸ்டேட்'. தனியாக நின்றால் 'இட் டேக்ஸ் டூ அவர்ஸ்'. 'லேட்' என்பதிலும் ஒரு கண் இருக்கட்டும். 'லேட் ஜனவரி' ஜனவரிக் கடைசி. 'மை லேட் கிராண்ட்ஃபாதர்' என்றால் தாத்தா காலமாகிவிட்டார். பஸ்ஸைத் தவறவிட்டவர் அல்ல. 'லேட்லி' சமீபகாலமாக என்பது, தாமதத்தோடு அதற்குச் சம்பந்தமே இல்லை.

ஒலிப்பதிவைக் கேட்டு விடை எழுதும் லிசனிங்கில் இதெல்லாம் காதுக்கு வேலை வைக்கும். பிரிட்டிஷ்காரர் 'ஹாஃப் செவன்' என்றால் ஏழரை, ஆறரை இல்லை. 'ஃபோர்ட்நைட்' இரண்டு வாரம். 'ஒரிஜினலி' என்று ஒரு கிழமை காதில் விழுந்தால் உடனே எழுதிவிடாதீர்கள், பின்னாலேயே மாற்றிய கிழமை வரலாம். 'பை ஃபைவ்' ஐந்துக்குள், 'அன்டில் ஃபைவ்' ஐந்து வரை. அகாடமிக் ரைட்டிங் முதல் கேள்வியில் வரைபடம் வந்தால் 'ரோஸ் கிராஜுவலி', 'எ கிராஜுவல் ரைஸ்' என்று இரண்டு வடிவையும் மாற்றி மாற்றிப் போடுங்கள்.

பயிற்சிக்குப் பெரிய செலவு வேண்டாம். போனில் இரண்டு நிமிடம் பேசிப் பதிவு செய்யுங்கள். திரும்பக் கேட்கும்போது உச்சரிப்பு, தயக்கம் எதையும் பார்க்காமல் காலச் சொற்களை மட்டும் ஒரு தாளில் குறியுங்கள். 'பிஃபோர்', 'ஆஃப்டர்', 'தென்' மூன்றே சுற்றிச் சுற்றி வந்தால், அப்புறம் அதே பேச்சை அந்த மூன்றும் இல்லாமல் பேசிப் பாருங்கள். கூட ஒருவர் இருந்தால் இன்னும் நல்லது. நீங்கள் 'சின்ஸ்' என்றதும் 'எப்போதிலிருந்து?' என்று அவர் குறுக்கே கேட்கட்டும். தேர்வில் இரண்டு நிமிடம் ஆனதும் தேர்வாளர் பாதி வாக்கியத்தில் நிறுத்தினால் பதற வேண்டாம். அது நேரக் கணக்குதான், அதற்காக மார்க் குறையாது.