தருமபுரித் தண்ணீரும் ஆய்வு மாணவரின் தலைமைப் பயிற்சியும்

முனைவர் பட்ட ஆய்வு மாணவர்களுக்குத் தலைமைப் பண்பையும் கற்றுத்தர வேண்டும் என்ற பேச்சு இப்போது பல்கலைக்கழகங்களில் அடிக்கடி கேட்கிறது. எப்படிக் கற்றுத்தருவது என்று கேட்டால், இரண்டு நாள் பயிலரங்கு நடத்தலாம் என்பதுதான் பெரும்பாலும் கிடைக்கும் விடை. அத்தகைய பயிலரங்குகளை நான் குறைத்து மதிப்பிடவில்லை. கூச்சப்படும் மாணவர் மேடையேறிப் பேசப் பழகுவதற்கு அவை உதவுகின்றன. ஆனால் பல துறையினர் சேர்ந்து செய்யும் அறிவியல் ஆய்வுக்குத் தேவைப்படும் தலைமை வேறு வகையைச் சேர்ந்தது. தனக்குத் தெரியாத துறையிலிருந்து வரும் ஆட்சேபணையைப் பொறுமையாகக் கேட்டு, அது எவ்வளவு முக்கியமானது என்று எடைபோட்டு, தேவையென்றால் தன் சொந்த வேலையின் போக்கையே மாற்றிக்கொண்டு, குழுவில் உள்ள மற்றவர்களையும் அதற்கு இணங்கச் செய்யும் திறன் அது. உண்மையான பொறுப்பைக் கையில் கொடுத்தால் ஒழிய அது வளராது. தருமபுரி மாவட்டத்தில் நிலத்தடி நீரை ஆராயும் மாணவர் குழு ஒன்றுக்கு நெறியாளர்களில் ஒருவராக இருப்பதால் இதை உறுதியாகச் சொல்கிறேன்.

எங்கள் குழு எடுத்துக்கொண்ட பொருள் ஃபுளோரைடு. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் பிறந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பல்லில் காவிக்கறையுடன் வளர்ந்தவர்கள் என் உறவினர்களிலேயே பலர் உண்டு. மற்றவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். இப்பகுதி கடினப் பாறை நிலம். சார்னோகைட், நைஸ் போன்ற பாறைகளில் உள்ள பயோடைட், ஹார்ன்பிளெண்ட், அப்படைட் ஆகிய கனிமங்களில் ஃபுளோரைடு அடங்கியிருக்கிறது. காரத்தன்மையும் பைகார்பனேட்டும் மிகுந்து, கால்சியம் குறைந்த நீர், பாறை இடுக்குகளில் நெடுங்காலம் தங்கும்போது அந்த ஃபுளோரைடு கரைந்து நீரில் சேர்கிறது. குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது என்றும், வேறு நீராதாரம் இல்லாத இடத்தில் 1.5 மில்லிகிராம் வரை அனுமதிக்கலாம் என்றும் இந்தியத் தர நிர்ணய அமைவனம் வரையறுத்திருக்கிறது. அளவு மிகுந்த நீரைக் குழந்தைப் பருவத்தில் தொடர்ந்து குடித்தால் பற்களிலும், பல ஆண்டுகள் குடித்தால் எலும்புகளிலும் ஃபுளோரோசிஸ் என்னும் பாதிப்பு வருகிறது. இதைத் தணிப்பதற்காகவே ஜப்பான் நாட்டுக் கடனுதவியுடன் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் நிறைவேற்றப்பட்டு, 2013இல் பயன்பாட்டுக்கு வந்தது.

குழுவில் நிலவியல் மாணவர் ஒருவர், வேதியியல் மாணவர் ஒருவர், பல் மருத்துவத்தில் பொதுச் சுகாதாரம் படிக்கும் மாணவி ஒருவர், சமூகப்பணித் துறை மாணவி ஒருவர் இருந்தார்கள். முதல் திட்டத்தை வகுத்தவர் நிலவியல் மாணவர். ஊர் ஊராகச் சென்று ஆழ்துளைக் கிணற்று நீரை எடுப்பது, ஆய்வகத்தில் ஃபுளோரைடு மின்முனையால் அளப்பது, அதே ஊர்ப் பள்ளியில் 12 வயதுப் பிள்ளைகளின் பற்களைப் பார்த்து, ஃபுளோரோசிஸின் கடுமையை அளக்கும் டீன் குறியீட்டின்படி தரம் பிரிப்பது, இரண்டையும் ஒரே அட்டவணையில் வைத்து ஒப்பிடுவது என்பது அந்தத் திட்டம். 12 வயது என்பது பல் நல ஆய்வுகளுக்கு உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கும் வயது. கேட்பதற்குக் குறையில்லாத திட்டமாகவே இருந்தது.

பல் மருத்துவ மாணவி அதை மறுத்தார். முன்பற்களின் எனாமல், அதாவது பல்லின் கடினமான மேலுறை, பிறந்த முதல் நான்கைந்து ஆண்டுகளில் உருவாகிவிடுகிறது. ஞானப்பல்லைத் தவிர மற்ற நிலைப்பற்களின் எனாமலும் ஏறக்குறைய எட்டு வயதுக்குள் முடிந்துவிடுகிறது. அதற்குப் பிறகு குடிக்கும் நீரால் பல்லில் புதிதாக ஃபுளோரோசிஸ் வருவதில்லை. ஆகவே 12 வயதுப் பிள்ளையின் பல் காட்டுவது, அந்தப் பிள்ளை கைக்குழந்தையாகவும் பால்வாடிக் குழந்தையாகவும் இருந்தபோது குடித்த நீரின் கதையை. இன்று கிணற்றில் எடுத்த நீரையும் இன்று பார்த்த பல்லையும் நேருக்கு நேர் வைத்து ஒப்பிட்டால் வெவ்வேறு காலங்களை ஒன்றெனக் கொண்டவர்கள் ஆவோம் என்றார் அவர்.

நிலவியல் மாணவர் மாதிரி எடுக்கும் இடங்களை வரைபடத்தில் குறித்து முடித்திருந்த நேரம் அது. அந்தப் பருவத்தில் கூட்டத்தை நடத்தும் பொறுப்பும் அவரிடமே இருந்தது. அவர் செய்ததைச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். தன் திட்டத்துக்காக வாதாடாமல், அந்த விளக்கத்தை எல்லாருக்கும் புரியும்படி இன்னொரு முறை சொல்லுமாறு மாணவியைக் கேட்டார். பிறகு எழுந்து சென்று கரும்பலகையில் பிறந்த ஆண்டுகளை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே பல் உருவாகும் ஆண்டுகளைக் கோடாக இழுத்தார். 2013 என்ற இடத்தில் மேலிருந்து கீழாக ஒரு கோடு போட்டார். பார்த்தவுடன் எல்லாருக்கும் விளங்கிவிட்டது. ஒகேனக்கல் நீர் வருவதற்கு முன்பே பற்கள் உருவானவர்கள், வந்த பிறகு உருவானவர்கள், இரண்டுக்கும் இடைப்பட்டவர்கள் எனப் பிள்ளைகள் மூன்று பிரிவாகப் பிரிந்தார்கள். 2013க்குப் பிறகு பிறந்தவர்கள் இப்போதுதான் 12 வயதைத் தொடுகிறார்கள். குடிநீர்த் திட்டத்தால் பல் நலம் மேம்பட்டதா என்பதை முழுமையாகச் சோதிக்க உகந்த காலம் இது என்று அந்தப் பலகையின் முன்னால் நின்றபோதுதான் குழுவுக்கே தெரிந்தது. ஆய்வின் கேள்வி அன்று மாறியது. அவர் வரைந்த வரைபடத்தில் பாதிக்கு மேல் பயன்படாமல் போயிற்று. தன் உழைப்பு வீணாவதை அறிந்தே அந்த முடிவை அவர் முன்மொழிந்தார். தலைமை என்று நான் எதைச் சொல்கிறேனோ அது இதுதான். அவருக்கு அது வாய்த்ததற்குக் காரணம், முடிவெடுக்கும் உரிமை மெய்யாகவே அவர் கையில் இருந்தது.

அடுத்த திருப்பத்தைக் கொண்டுவந்தவர் சமூகப்பணி மாணவி. அவருடைய வினாத்தாளை மற்றவர்கள் முதலில் பின்னிணைப்பாகவே எண்ணினார்கள் என்பதை வருத்தத்துடன் பதிவு செய்கிறேன். இயற்பியல், வேதியியல், உயிரியல் படித்தவர்களிடம் இந்த வழக்கம் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. வீட்டில் எந்த நீரைக் குடிக்கிறீர்கள் என்று ஒரே கேள்வியாகக் கேட்டு முடித்துவிடாமல், குடிக்க எது, உலை வைக்க எது, டீ போட எது, பிள்ளை பள்ளியில் குடிப்பது எது என்று அவர் பிரித்துக் கேட்டார். பென்னாகரம் பக்கத்து ஊர் ஒன்றில் ஒரு பாட்டி சொன்ன விடையை அவர் அப்படியே எழுதி வந்தார்: "கொழா தண்ணிய குடிக்க மட்டும் புடிச்சு வெச்சுக்குவோம் கண்ணு, ஒலைக்கும் கொழம்புக்கும் போர் தண்ணிதான்." ஒகேனக்கல் குழாய் நீர் தினமும் வராத ஊர்களில் இது இயல்பான சிக்கனம். ஆனால் கொதிக்க வைப்பதால் ஃபுளோரைடு நீங்குவதில்லை. நீர் ஆவியாகிக் குறையக் குறைய எஞ்சிய நீரில் அதன் செறிவு கூடுகிறது. வேதியியல் மாணவர் தன் அளவீட்டுப் பட்டியலில் உலை நீரையும் சமைத்த சோற்றையும் சேர்த்துக்கொண்டது இந்த ஒரு தாளைப் படித்த பிறகுதான். அதையொட்டி உணவில் உள்ள கால்சியம் பற்றிய பேச்சும் எழுந்தது; கால்சியம் குறைந்த உணவு ஃபுளோரோசிஸின் கடுமையைக் கூட்டும் என்பது அறிந்த செய்தி. நூறு கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது. கேழ்வரகு அதிகம் விளையும் இந்த மாவட்டங்களில், களி உண்ட வீடுகளில் இன்று எத்தனை வேளை அரிசிச் சோறு என்று கேட்க வேண்டும் என்று அந்த மாணவியே சொன்னார். இது தனி ஆய்வாக வளரத்தக்க கேள்வி. விரைவில் ஊட்டச்சத்து மாணவர் ஒருவர் சேர்ந்தால் மகிழ்வேன்.

எங்கள் ஏற்பாடு எளியது. ஒவ்வொரு பருவத்திலும் ஒரு மாணவர் பொறுப்பேற்பார். கூட்டத்துக்கு என்ன பேசவேண்டும் என்று முடிவு செய்வது, குறிப்பெடுப்பது, கள வண்டிக்கும் சாப்பாட்டுக்கும் கணக்கு வைப்பது, தலைமையாசிரியரிடமும் ஊராட்சி மன்றத் தலைவரிடமும் அனுமதி கேட்பது, கருத்து வேறுபாட்டில் இறுதி முடிவைச் சொல்வது எல்லாம் அவர் வேலை. நெறியாளர்களாகிய நாங்கள் கூட்டத்தில் உட்கார்ந்திருப்போம். எல்லா மாணவர்களும் பேசி முடிக்கும் வரை வாய் திறப்பதில்லை. நம் ஊரில் நெறியாளர் முதலில் ஒரு கருத்தைச் சொல்லிவிட்டால் அதற்கு எதிராக மாணவர் பேசுவது அநேகமாக நடக்காது. "ஐயா சொன்னபடியே செய்துவிடலாம்" என்று கூட்டம் முடிந்துவிடும். அந்த மரியாதை நல்ல மனத்திலிருந்துதான் வருகிறது என்பதை அறிவேன். அதனால்தான் மௌனமாக இருக்கும் கடமை எங்களுடையதாகிறது. மாணவர்களைத் துணிந்து பேசுங்கள் என்று மட்டும் சொல்லிப் பயனில்லை.

விதிகள் இதற்குத் தடையாக இருப்பதாகப் பலர் எண்ணுகிறார்கள். பல்கலைக்கழக மானியக் குழு 2022இல் வெளியிட்ட முனைவர் பட்ட நெறிமுறைகளின்படி மாணவர் ஒவ்வொரு பருவத்திலும் ஆய்வு ஆலோசனைக் குழுவின் முன் தன் பணியை விளக்க வேண்டும். துறை எதுவானாலும் கற்பித்தலிலும் எழுதுவதிலும் பயிற்சி பெற வேண்டும். பல துறை சார்ந்த ஆய்வென்றால் வெளித்துறையிலிருந்து இணை நெறியாளரை அமர்த்தவும் இடமுண்டு. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் பல்துறை முனைவர் பட்டத்தில் இரு வேறு துறைகளின் ஆசிரியர்கள் சேர்ந்து வழிகாட்டும் முறை ஏற்கெனவே இருக்கிறது. அமெரிக்காவின் தேசிய அறிவியல் அறக்கட்டளை 1990களின் இறுதியில் தொடங்கிய ஐகெர்ட் என்ற திட்டமும், 2014இல் அதன் இடத்துக்கு வந்த என்ஆர்டி என்ற திட்டமும் துறை கடந்த மாணவர் குழுக்களுக்கென்றே நிதி வழங்கின. அவ்வளவு நிதி நமக்கு இல்லாமல் இருக்கலாம். ஆனால் நான் மேலே சொன்ன எதற்கும் பெரிய நிதி தேவைப்படவில்லை.

கட்டுரையில் யார் பெயர் எங்கே வரும் என்பதைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் துறை கடந்த குழுக்கள் பெரும்பாலும் இங்கேதான் உடைகின்றன. ஒரு துறையில் முதல் பெயருக்கு மதிப்பு, இன்னொன்றில் கடைசிப் பெயருக்கு மதிப்பு, வேறொன்றில் அகர வரிசை. கிரெடிட் எனப்படும் பங்களிப்பு வகைப்பாடு ஆய்வுப் பணியை 14 பங்குகளாகப் பிரிக்கிறது. களப்பணி தொடங்கும் முன்பே, அந்தப் பருவத்தின் பொறுப்பு மாணவர் இந்தப் பட்டியலை மேசைமீது வைத்து, யார் எதைச் செய்யப்போகிறார்கள் என்று எழுதி வாங்கிக்கொள்கிறார். வேலை மாறினால் தாளும் மாறும். அந்த வினாத்தாளை உருவாக்கிய மாணவியின் பெயர் நன்றியுரையில் ஒதுங்கிவிடாமல் ஆசிரியர் வரிசையில் நிற்பதற்கு இந்தத் தாள்தான் காப்பு.

இவை எல்லாவற்றையும்விடக் கடினமான பயிற்சி கிராம சபை. தமிழ்நாட்டில் இப்போது உலகத் தண்ணீர் தினமான மார்ச் 22 அன்றும் கிராம சபை கூடுகிறது. முடிவுகளை அங்கே ஊராரிடம் சொல்வது என்று குழு தீர்மானித்தது. சொல்லும் பொறுப்பு வேதியியல் மாணவருடையது. முதல்நாள் மாலை அவர் ஊருக்குச் சென்றபோது, பெண்கள் சிலர் அவரிடம் கேட்டது அளவுகளைப் பற்றி அல்ல. ஊர்ப் பெயர் வெளியே வருமா, பிள்ளைகளின் பல்லைப் பற்றி எழுதினால் நாளைக்குப் பெண் எடுக்க வருபவர்கள் யோசிக்க மாட்டார்களா என்று கேட்டார்கள். அன்றிரவே மாணவர் மற்ற மூவரையும் தொலைபேசியில் அழைத்துப் பேசினார். ஊர்ப் பெயர்களுக்குப் பதிலாகக் குறியீடுகள் இடுவது, எந்தக் கிணறு யாருடையது என்பதைக் கூட்டத்தில் சொல்லாமல் உரியவரிடம் மட்டும் தனியாகச் சொல்வது, உலைக்கும் குழாய் நீரையே எடுக்கும் அளவுக்கு நீர் வேண்டும் என்ற கோரிக்கையை ஊராரே தீர்மானமாகக் கொண்டுவர உதவுவது என்று முடிவாயிற்று. மறுநாள் அவர் பேசியது சிறிது நேரம்தான். எண்களைக் குறைத்து, எந்த நீரை எதற்குப் பயன்படுத்தலாம் என்பதை மட்டும் சொல்லிவிட்டு, கேள்விகளுக்கு நீண்ட நேரம் நின்று விடை சொன்னார். ஆய்வகத்தில் மட்டும் இருந்திருந்தால் இந்த நிதானம் அவருக்கு வந்திருக்காது என்று நம்புகிறேன்.

வரும் பருவத்தில் புதிய குழு ஒன்று தென்பெண்ணை ஆற்றை எடுத்துக்கொள்கிறது. ஒசூர் அருகே கெலவரப்பள்ளி அணையில் கழிவுநீர் கலந்து நுரை பொங்குவதை அவ்வூர்க்காரர்கள் ஆண்டுதோறும் பார்க்கிறார்கள். ஆறு கர்நாடகத்தில் தொடங்குவதால் மேற்பகுதியின் விவரங்களை அங்குள்ள ஆய்வாளர்களிடம் கேட்டுப் பெற வேண்டும்; பாசனத்துக்கு அந்த நீரை நம்பியிருக்கும் விவசாயிகளிடமும் பேச வேண்டும். முதல் பொறுப்பை ஏற்பவர் ஒசூரைச் சேர்ந்த நுண்ணுயிரியல் மாணவி. தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் சரளமாகப் பேசுவார். யார் யாரைச் சந்திக்க வேண்டும் என்ற பட்டியலை அவர் எழுதத் தொடங்கிவிட்டார். அதில் முதலில் இருப்பவர்கள் அணைக்குக் கீழே காய்கறி பயிரிடுபவர்கள்.