ஒரே இன்ஜின், 15 குதிரை வித்தியாசம்

நான் ஓட்டுவது ஸ்விஃப்ட் டீசல். என் சித்தப்பா மகன் வைத்திருந்தது எஸ்எக்ஸ்4 டீசல். இரண்டிலும் பானெட்டைத் திறந்தால் ஃபியட் வடிவமைத்த அதே 1.3 மல்டிஜெட், அதே 1248 சிசி, அதே நாலு சிலிண்டர். ஆனால் என்னுடையது 75 பிஎஸ், அதாவது 75 குதிரைத்திறன், அவனுடையது 90. "சின்ன வண்டிக்கு இது போதும்னு கம்ப்யூட்டர்ல குறைச்சு வெச்சிருப்பாங்க" என்பான் அவன். நானும் ரொம்ப நாள் அப்படித்தான் நம்பினேன்.

ஒருநாள் இரண்டு வண்டியின் விவரங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் இடித்தது. என் வண்டியின் உச்ச டார்க், அதாவது இன்ஜின் சுழற்றும் விசை, 190 நியூட்டன் மீட்டர், அவனுடையது 200. வெறும் 10தான் கூடுதல். அப்புறம் எப்படிப் பவரில் மட்டும் 15 குதிரை ஏறுகிறது?

டார்க்கை ஆர்பிஎம்மால் (நிமிடத்துக்கு இன்ஜின் எத்தனை சுற்று சுழல்கிறது என்பது) பெருக்கி 9549ஆல் வகுத்தால் பவர் கிலோவாட்டில் வரும். ஒரு பிஎஸ் என்பது 0.7355 கிலோவாட். இரண்டு வண்டிக்கும் உச்ச பவர் கிடைப்பது 4000 ஆர்பிஎம்மில். கணக்கைத் திருப்பிப் போட்டேன். அந்த வேகத்தில் என் இன்ஜினிடம் மிஞ்சியிருக்கும் டார்க் சுமார் 132, அவனுடையதில் 158. கீழே கிட்டத்தட்டச் சமமாக இருப்பவை மேலே போகப் போகப் பிரிகின்றன. என் வண்டி மேலே மூச்சு வாங்குகிறது. அவ்வளவுதான் விஷயம்.

காரணம் டர்போ, அதாவது வெளியேறும் புகையால் சுழன்று இன்ஜினுக்குள் கூடுதல் காற்றைத் திணிக்கும் கருவி. மெக்கானிக் நண்பர் ஒருவர், 90 பிஎஸ் இன்ஜினில் வருகிற மாதிரி டர்போ ஒன்றைக் கழற்றி வைத்திருந்தபோது கூப்பிட்டுக் காட்டினார். புகைக்கரி அப்பிய கூட்டுக்குள், டர்பைன் சக்கரத்தைச் சுற்றி வளையமாகச் சின்னச் சின்னத் தகடுகள். வெளியே இருந்த லீவரை விரலால் தள்ளினார். எல்லாத் தகடுகளும் ஒரே நேரத்தில் கண்ணிமை போல மூடித் திறந்தன. குறைந்த வேகத்தில் வழியைக் குறுக்கிப் புகையை வேகமாக அடிக்கும். வேகம் ஏறினால் வழியை அகலமாக்கிவிடும். என் வண்டியின் டர்போவில் அந்தத் தகடுகள் கிடையாது, வழி ஒரே அளவுதான். கீழே சீக்கிரம் சுழல வேண்டும் என்று அதைச் சின்னதாக வைத்தால், மேலே காற்று போதாது. காற்று இல்லாமல் டீசலை மட்டும் கூட்டி ஊற்றினால் வருவது கரும்புகைதான்.

டர்போ இல்லாத பெட்ரோல் இன்ஜினிலும் கதை இதுதான், இடம்தான் வேறு. ஹோண்டாவின் கே20 குடும்பத்தில், அதே 1998 சிசியில், கே20ஏ3 தந்தது 6500 ஆர்பிஎம்மில் 160 குதிரை. கே20ஏ2 தந்தது 7400இல் 200. வால்வுகளைத் திறக்கும் கேம் வேறு, சிலிண்டருக்குள் கலவையை எத்தனை மடங்கு அழுத்துகிறது என்ற கம்ப்ரஷன் 9.8க்குப் பதில் 11. அந்த வேகத்திலும் சிலிண்டர் நிறைய காற்று இழுக்க முடிந்ததால்தான் அந்த 40 குதிரை.

"சாஃப்ட்வேர்தான் வித்தியாசம்" என்று எல்லா இன்ஜினுக்கும் சொல்லிவிடுகிறார்கள். சிலவற்றில் அது உண்மையும்கூட. கியர்பாக்ஸ் தாங்கும் டார்க்குக்காகவோ, விலை உயர்ந்த மாடலுக்கு இடம் விடவோ கம்பெனியே பவரைக் குறைத்து வைப்பது உண்டு. ஆனால் பிஎம்டபிள்யூவின் என்20 டர்போ பெட்ரோல் இன்ஜினைப் பாருங்கள். 20ஐ மாடலில் 184 பிஎஸ், 28ஐ மாடலில் 245. இரண்டிலும் பிஸ்டனே வேறு வேறு. கம்ப்ரஷன் முதலாவதில் 11, இரண்டாவதில் 10. டர்போவின் அழுத்தத்தைக் கூட்டும்போது நாக்கிங் (கலவை தானாகவே வெடித்து இன்ஜின் தட்டுவது) வரக் கூடாது என்பதற்காக அங்கே இறக்கியிருக்கிறார்கள். ஃபோக்ஸ்வேகன் கோல்ஃப் காரின் 'ஜிடிஐ' மாடலுக்கும் 'ஆர்' மாடலுக்கும் அதே 1984 சிசிதான். ஏழாம் தலைமுறையில் ஒன்று 220, மற்றது 300. 'ஆர்' மாடலில் டர்போவே பெரியது.

என் ஸ்விஃப்டை ரீமேப் செய்து, அதாவது இன்ஜின் சாஃப்ட்வேரை மாற்றி, 90 ஆக்கிவிடலாம் என்று இரண்டு பேர் சொன்னார்கள். செய்தால் எண் வரலாம். ஆனால் அந்தச் சின்ன டர்போதான் கூடுதல் வேகத்தில், கூடுதல் சூட்டில் சுழன்று அந்த எண்ணைக் கொடுக்க வேண்டும். எனக்கு மனம் வரவில்லை. இப்போது ஏற்றத்தில் முள் 3500ஐத் தாண்டி இழுவை தளர்ந்தால், மேலும் மிதிக்காமல் அடுத்த கியருக்கு மாற்றிவிடுகிறேன்.