மூன்று அங்குல நிலைப்படி

அக்டோபர் 18, 2025
பெட்டி வந்து சேர்ந்தது. கீழே இரண்டு சக்கரம், நடுவில் தண்டு, உச்சியில் முகம் தெரியும் திரை. அமெரிக்காவிலிருந்தே பெரியவன் ஓட்டுகிற ரோபோ. சியாட்டிலில் உட்கார்ந்தபடி பெரியவன் கூடத்தை ஒரு சுற்று சுற்றிவந்தான். அவன் அப்பா படுத்திருக்கும் அறைக்குள் மட்டும் போக முடியவில்லை. உறையூர் பழைய வீடு, நிலைப்படியே மூன்று அங்குலம்.

அக்டோபர் 20
தீபாவளி. காலை 7.30, அவனுக்கு முந்தின நாள் இரவு 7. படிக்கு வெளியே நின்றே "அப்பா" என்று கூப்பிட்டான். பட்டாசுச் சத்தத்தில் அவருக்குக் கேட்டதா தெரியவில்லை.

அக்டோபர் 23
தச்சர் சாய்வுப் பலகை அடித்துக் கொடுத்தார். முதலில் ஒன்றரை அடி, சக்கரம் ஏறாமல் பின்வாங்கியது. மூன்றடியாக்கியதும் உள்ளே போய்விட்டான்! கட்டிலருகே தண்டை எவ்வளவு இறக்கியும் முகம் அவர் கண்ணுக்கு மேலேயே நின்றது. முதுகுக்கு மூன்று தலையணை கொடுத்து உட்காரவைத்தோம். போனை நான் முகத்துக்கு நேரே நீட்டினால் கண்ணை மூடிக்கொள்கிறவர், இன்று மூடவே இல்லை. பிள்ளை தானாக நடந்து வந்தான் என்று தோன்றியதோ என்னவோ. இடது கை மட்டும் போர்வையை இறுக்கிப் பிடித்திருந்தது.

அக்டோபர் 24
தூக்கமில்லை.

அக்டோபர் 27
அவருக்கு டயப்பர் மாற்றிக்கொண்டிருந்தேன், பலகையில் சக்கரச் சத்தம். ஆபீஸ் சீக்கிரம் முடிந்ததாம். போன் என்றால் மணி அடிக்கும், நான் எடுத்தால்தான் வருவான். இது அப்படியில்லை, அங்கே அழுத்தினால் இங்கே வீட்டுக்குள் நிற்கிறான். அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். பெற்ற பிள்ளைதான், ஆனாலும் இஸ்திரி போடாத சட்டையோடு ஒரு நாளும் வகுப்புக்குப் போகாத கணக்கு வாத்தியார் இவர். ஒரு குரல் கொடுத்துவிட்டு வாடா கண்ணா என்று சொல்ல வேண்டும். எப்படிச் சொல்வது? ஊருக்கு வந்தால் திரும்ப விடுவார்களோ என்று விசாவுக்குப் பயந்து கிடக்கிறான். இருக்கிற ஒரு வழியையும் நானே அடைத்த மாதிரி ஆகிவிடாதா?

அக்டோபர் 28
ராத்திரி அதன்மேல் துண்டைப் போட்டேன்.

அக்டோபர் 29
துண்டை எடுக்க மறந்துவிட்டேன். "ஒரே இருட்டா இருக்கேம்மா" என்றான். எடுத்தேன். ஏன் என்று அவன் கேட்கவில்லை.

நவம்பர் 3
குளிர்காலத்துக்காக அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளிவிட்டார்கள், இனி நமக்கு 8.30தான். எத்தனை தடவை சொல்லியும் அவர் 7.30-லிருந்தே கதவைப் பார்த்துக்கொண்டிருந்தார். எட்டரைக்குப் போன் அடித்தது. "உள்ள வரலாமாம்மா?"
அவருக்குச் சட்டை மாட்டும்வரை காத்திருந்தான்.

நவம்பர் 4
மழை. முற்றத்துச் சாரலில் பலகை ஊறி உப்பிவிட்டது. தச்சர் போனை எடுக்கவில்லை.