கூடவே போ, ஓரமா வா

2007 மார்ச் 17, சனிக்கிழமை. அப்போது நான் ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் அப்ரன்டிஸ். காலை ஷிஃப்ட் இரண்டு மணிக்கு முடிந்ததும் குளித்துவிட்டு, கருப்பு டி-ஷர்ட் ஒன்றை மாட்டிக்கொண்டு பெங்களூர் பஸ் ஏறினேன். அன்று இரவு பேலஸ் கிரவுண்ட்ஸ் மைதானத்தில் இங்கிலாந்தின் ஹெவி மெட்டல் குழு அயர்ன் மெய்டனின் கச்சேரி. அவர்கள் இந்தியாவில் வாசிக்க வந்தது அதுதான் முதல் முறை. பன்னிரண்டாம் வகுப்பிலிருந்து கேசட்டிலும் நகலெடுத்த சிடியிலும் மட்டுமே கேட்டு வந்த ஆட்கள், நாற்பது கிலோமீட்டர் தள்ளி நேரில் நின்று வாசிக்கப் போகிறார்கள். அந்த வாரம் முழுக்க எனக்குச் சரியான தூக்கமே இல்லை.

கூட வர வேண்டிய ரூம்மேட்டுக்குக் காய்ச்சல். ஒரு டிக்கெட் மிச்சம். எங்கள் செக்‌ஷனில் லேத் ஓட்டும் அண்ணன் ஒருவர், என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர், "வீணாத்தானே போகப்போகுது, நான் வரேன் தம்பி" என்று கிளம்பிவிட்டார். கிருஷ்ணகிரிப் பக்கத்துக்காரர். இளையராஜாவைத் தவிர வேறு பாட்டு கேட்டறியாதவர். வெள்ளைச் சட்டை, பையில் பேனா. மைதானத்துக்குள் நுழைந்தபோது கண்ணுக்கு எட்டிய வரை கருப்புச் சட்டைகள். அவர் ஒருவர்தான் வெள்ளை. கூட்டத்தில் பிரிந்துபோனாலும் அவரைக் கண்டுபிடித்துவிடலாம் என்று தைரியமாக இருந்தது.

முதலில் டெல்லியின் ராக் குழு பரிக்கிரமா வாசித்தார்கள். அப்புறம் லாரன் ஹாரிஸ், மெய்டனின் பேஸ் கிட்டாரிஸ்ட் ஸ்டீவ் ஹாரிஸின் மகள். கூட்டம் கைதட்டியது, தலையாட்டியது, ஆனால் ஆளுக்கு ஆள் இடைவெளி இருந்தது. உட்கார்ந்துகூடக் கேட்டார்கள். மேடை விளக்குகள் மொத்தமாக அணைந்த நொடியில் எல்லாம் மாறியது. பத்தாயிரக்கணக்கான பேர் ஒரே நேரத்தில் கத்த, மொத்தக் கூட்டமும் நாலைந்து அடி முன்னால் போயிற்று. யாரும் யோசித்து நகரவில்லை. என் கால்கள் நகர்ந்ததே எனக்கு அப்புறம்தான் தெரிந்தது. முதுகில் ஒருவர் நெஞ்சு, நெஞ்சில் ஒருவர் முதுகு.

டிரம் முதலில் நெஞ்செலும்பில்தான் கேட்டது, பிறகுதான் காதில். மெய்டனின் டிரம்மர் நிக்கோ மெக்பிரைன் இரட்டைப் பெடல் வைத்துக்கொள்ளாமல் ஒற்றைக் காலாலேயே பேஸ் டிரம்மை அடிப்பவர் என்று படித்திருந்தேன். நேரில் அந்த அடி விலா எலும்பு ஒவ்வொன்றிலும் தனித்தனியாக விழுந்தது. காலடியில் செம்மண் புழுதி. எல்லோர் வியர்வையும் எல்லோர் மேலும். எங்கிருந்தோ ஒரு தண்ணீர் பாட்டில் கைமாறி வந்தது. ஆளுக்கு ஒரு வாய் குடித்துவிட்டு அடுத்தவருக்குக் கொடுத்தார்கள். அண்ணனும் அண்ணாந்து ஊற்றிக்கொண்டு பின்னால் நீட்டினார். எனக்குத் தெரிந்து கேன்டீனில் அடுத்தவர் டம்ளரைக்கூடத் தொடாத மனிதர் அவர்.

அந்த இரவில் நான் மறக்க முடியாத இடம் 'ஃபியர் ஆஃப் த டார்க்' பாட்டின் தொடக்கம். கிட்டார் அந்த மெட்டை வாசிக்க ஆரம்பித்ததும் கூட்டம் அதைப் பிடித்துக்கொண்டது. வரிகளை இல்லை, கிட்டாரின் மெட்டையே "ஓ... ஓ ஓ..." என்று பாடினார்கள். உலகத்தில் எந்த ஊரில் வாசித்தாலும் ரசிகர்கள் அந்த இடத்தில் இப்படித்தான் பாடுவார்கள். பாடகர் புரூஸ் டிக்கின்சன் மைக்கைக் கீழே இறக்கிவிட்டு எங்களைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் திரும்பிப் பார்த்தேன். ஒரு வார்த்தை ஆங்கிலப் பாட்டு தெரியாத அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு, முழுத் தொண்டையில், சுருதி பிசகாமல் பாடிக்கொண்டிருந்தார்.

பெருங்கூட்டம் நன்றாகப் பாடுவது வார்த்தையே இல்லாத இடங்களைத்தான் என்பது அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. மொழி தெரிந்திருக்க வேண்டாம், ரசிகனாகக்கூட இருக்க வேண்டாம், ஒரு தடவை கேட்டால் போதும். 1985 ஜூலை 13 அன்று லண்டன் வெம்ப்ளி மைதானத்தில் லைவ் எய்ட் என்ற நிதி திரட்டும் இசை நிகழ்ச்சிக்குத் திரண்டிருந்த எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களில் எல்லோரும் குயின் ரசிகர்கள் இல்லை, பல குழுக்களுக்காக வந்தவர்கள். குயின் குழுவின் பாடகர் ஃப்ரெடி மெர்க்குரி தன் குரலால் ஒரு சின்ன வளைவு போட்டு அவர்களிடம் நீட்டினார். அவர்கள் அப்படியே திருப்பிக் கொடுத்தார்கள். கொஞ்சம் கடினமாக இன்னொன்று, அதுவும் திரும்பி வந்தது. அந்த வீடியோவை எத்தனை முறை பார்த்திருப்பேன் என்று கணக்கில்லை. சுமார் இருபது நிமிட நிகழ்ச்சி. கேள்வி கேட்டுவிட்டுப் பதிலுக்குப் பொறுமையாகக் காத்திருக்கிறார் பாருங்கள், அந்தக் காத்திருப்புதான் என்னைத் திரும்பத் திரும்ப அங்கே இழுக்கிறது.

அதே குயினுக்கு 1977-இல் நடந்த ஒரு விஷயமும் உண்டு. இங்கிலாந்தின் ஸ்டாஃபோர்டு ஊரில் பிங்லி ஹாலில் கச்சேரி முடித்து அவர்கள் இறங்கிய பிறகு, கூட்டம் கலையாமல் தானாகவே ஒரு கால்பந்துப் பாட்டைப் பாட ஆரம்பித்ததாம். கிட்டாரிஸ்ட் பிரையன் மேக்கு அதைக் கேட்டதும் ஒரு யோசனை. இவ்வளவு நெருக்கத்தில் நிற்பவர்களால் என்ன செய்ய முடியும்? காலைத் தட்டலாம், கையைத் தட்டலாம், பாடலாம். அதிலிருந்து வந்ததுதான் 'வீ வில் ராக் யூ'. இரண்டு மிதி, ஒரு தட்டு. ரசிகர்களுக்குக் கொடுக்க ஒரு வாத்தியத்தை யோசித்து, அவர்கள் உடம்பையே அந்த வாத்தியமாக்கிவிட்டார்.

சரி, பேலஸ் கிரவுண்ட்ஸுக்கு வருகிறேன். அடுத்து ஒரு வேகமான பாட்டில் எங்களுக்குப் பக்கத்திலேயே மோஷ் பிட் திறந்தது. நடுவே ஒரு வட்டம் காலியாகி, அதற்குள் பையன்கள் தோளோடு தோள் மோதிக்கொண்டு சுற்ற ஆரம்பித்தார்கள். நானும் உள்ளே போனேன். அமெரிக்காவில் கார்னெல் பல்கலைக்கழக இயற்பியலாளர்கள் சிலர் இந்த வட்டங்களை வீடியோக்களில் ஆராய்ந்து 2013-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். உள்ளே மோதுபவர்களின் ஓட்டம் வாயு மூலக்கூறுகளின் ஓட்டத்தைப் போலவே இருக்கிறதாம். வட்டமாக ஓடும் பிட்கள் பெரும்பாலும் இடஞ்சுழியாகவே சுற்றுகின்றனவாம். எங்களுடையதும் இடஞ்சுழிதான், எனக்கு நன்றாக நினைவிருக்கிறது, ஏனென்றால் விழுந்தபோது என் இடது தோள்தான் வட்டத்தின் உள்பக்கம் இருந்தது.

விழுந்தேன். முழங்கால், அப்புறம் உள்ளங்கை. பயப்படுவதற்குள் என்னைச் சுற்றி நாலு பேர் கைகளை விரித்து வேலி மாதிரி நின்றுவிட்டார்கள். இரண்டு பேர் அக்குளில் கை கொடுத்துத் தூக்கினார்கள். ஒருவன் கன்னடத்தில் ஏதோ கேட்டான், சரியாகிவிட்டேனா என்றுதான் இருக்கும். தலையாட்டினேன். என் முதுகில் ஒரு தட்டு தட்டிவிட்டு மறுபடியும் போய் மோத ஆரம்பித்தான். முழுதாக மூன்று விநாடிகூட ஆகியிருக்காது. பிட்டில் எழுதாத சட்டம் இது: யார் விழுந்தாலும் முதலில் தூக்கு.

ஒரு ஷூ மட்டும் காணோம். பாட்டு முடிந்து விளக்கு வந்தபோது, எங்கோ பதினைந்து வரிசை தள்ளி ஒரு கை அதை உயரத் தூக்கிப் பிடித்திருந்தது. நான் கை காட்ட, ஷூ தலைகளுக்கு மேலே கைமாறிக் கைமாறி வந்தது. வழியில் ஒருவன் அதிலிருந்த மண்ணைத் தட்டிவிட்டு அடுத்தவனிடம் கொடுத்தான். இது நடந்து இத்தனை வருஷம் ஆகிறது. ராக் ரசிகர்கள் என்றாலே ரவுடிக் கூட்டம் என்று யாராவது பேசினால் எனக்கு அந்த மண் தட்டிய கைதான் முன்னால் வந்து நிற்கிறது.

இதற்கு நேர்மாறான இன்னொன்றும் அன்று நடந்தது. கடைசிப் பாட்டுகளின்போது பின்னாலிருந்து ஒரு தள்ளு வந்தது. பிட் மோதல் மாதிரி இல்லை. மொத்தக் கூட்டமும் அலை போல ஒரு பக்கம் சாய்ந்து, நின்று, திரும்பியது. என் கால் தரையில் சரியாகப் படவில்லை. கையை மேலே எடுக்க முடியவில்லை. நான் முழு பலத்தோடு பின்னால் தள்ளப் பார்த்தேன். அண்ணன் என் காதில் கத்தினார்: "எதிர்த்து நிக்காத தம்பி! கைய நெஞ்சுக்கு முன்னாடி மடக்கு. கூடவே போ, அலை நிக்கிறப்ப ஓரமா வா!" சொன்னபடியே செய்தேன். ஒவ்வொரு தள்ளுக்கும் அதனோடு போய், அது ஓயும்போது இரண்டடி குறுக்கே. ஐந்தாறு தடவையில், கூட்டத்தின் நடுவே ஒலியைக் கட்டுப்படுத்தும் சவுண்ட் கன்சோல் பக்கத்தில் காற்றோட்டமான இடத்துக்கு வந்துவிட்டோம். அவர் சட்டைப் பையிலிருந்த பேனாவைத்தான் காணவில்லை.

எங்கே கற்றார் இதை? "எங்க ஊரு எருது விடுற விழால சின்ன வயசுலேர்ந்து நிக்கிறேன்" என்றார். எருது ஓடி வரும்போது கூட்டம் வழிவிட்டு ஒதுங்கும். பின்னால் நிற்பவனுக்கு முன்னால் நடப்பது தெரியாது, அவன் தள்ளுவான். அதில் நின்று பழகிய உடம்பு அவருடையது.

அவர் சொன்னதைப் பிற்பாடு கூட்டப் பாதுகாப்பு பற்றிய கட்டுரைகளில் கிட்டத்தட்ட அதே வார்த்தைகளில் படித்தேன். சதுர மீட்டருக்கு ஐந்து பேரைத் தாண்டினால் ஆபத்து தொடங்குகிறது. இன்னும் நெருங்கினால் கூட்டம் தண்ணீர் போல நடந்துகொள்ளும், தனி மனிதரின் கால்களுக்கு அங்கே வேலை இல்லை. இத்தகைய நெரிசலில் பலர் இறப்பது மிதிபட்டு அல்ல, நின்ற நிலையிலேயே நெஞ்சை விரிக்க முடியாமல். 1979 டிசம்பர் 3, அமெரிக்காவின் சின்சினாட்டி: தி ஹூ குழுவின் கச்சேரிக்கு வந்த 11 பேர் அரங்க வாசலிலேயே இறந்தார்கள், இசை தொடங்குவதற்கு முன்பே. 2000 ஜூன் 30, டென்மார்க்கின் ராஸ்கில்டே: பேர்ல் ஜாம் குழு வாசித்துக்கொண்டிருந்தபோது முன்வரிசைகளில் 9 பேர். பின்னால் நகரச் சொல்லி மேடையிலிருந்து கெஞ்சியும் பலனில்லை.

இதையெல்லாம் ரசிகர் வெறி என்ற ஒரு சொல்லில் முடித்துவிடுவது எனக்கு ஆறாத கோபம். பின்னால் நிற்பவனுக்கு முன்னால் நடப்பது தெரியாது, அவ்வளவுதான். அவன் கெட்டவன் இல்லை. ஷூவைத் தட்டிக் கொடுத்தவனும் அவன்தான். இடம் இருந்தபோது தூக்கிவிட்டான், இடம் இல்லாதபோது அவன் கையே அவனிடம் இல்லை. எத்தனை பேரை உள்ளே விடுவது, எத்தனை வாசல் திறப்பது, முன்பகுதியைத் தடுப்பு வைத்துப் பிரிப்பதா இல்லையா என்பதெல்லாம் டிக்கெட் விற்பதற்கு முன்பே யாரோ ஒரு மேஜையில் உட்கார்ந்து எடுக்கும் முடிவுகள்.

2011 அக்டோபர் 30 அன்று அதே மைதானத்துக்கு அமெரிக்க மெட்டல் குழு மெட்டாலிகா வந்தபோதும் போனேன். இந்தத் தடவை நடுவில், கன்சோலுக்கு முன்னால். இரண்டு நாள் முன்பு டெல்லிக்குப் பக்கத்தில் நடக்க வேண்டிய அவர்கள் கச்சேரி ரத்தாகியிருந்ததால், இதுவும் நடக்குமோ நடக்காதோ என்று கடைசி வரை எல்லோர் முகத்திலும் ஒரு கலக்கம். மேடை ஏறுமுன் அவர்கள் வழக்கமாகப் போடும் இத்தாலிய சினிமா இசையமைப்பாளர் எனியோ மோரிக்கோனேயின் இசை ஒலித்ததும்தான் மூச்சு வந்தது. மேடையில் ஒருவர்கூட இல்லை. ஆனாலும் மொத்த மைதானமும் அந்த மெட்டைப் பாடியது, இதுவும் வார்த்தை இல்லாதது. நடுவில் நின்றதால் ஒன்று கவனித்தேன். கூட்டம் கைதட்டும்போது முன்னால் தட்டுவதும் பின்னால் தட்டுவதும் ஒன்றாகக் கேட்காது. நூறு மீட்டர் கடக்க ஒலிக்கு விநாடியில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு வேண்டும். அதனால் ஒரே தட்டு முன்னாலிருந்து பின்னால் உருண்டு போகிறது. மழை ஒரு ஏரியின் மேல் நகர்ந்து வருவது போல.

இப்போதெல்லாம் பெரிய கச்சேரிகளில் கையில் ஒளிரும் பட்டை கொடுக்கிறார்கள். 2025 ஜனவரியில் அகமதாபாத்தில் கோல்ட்பிளே குழு வாசித்ததை வீட்டில் டிவியில் பார்த்தேன். மைதானம் முழுக்க ஒரே நொடியில் நிறம் மாறும்போது என் பெண் கைகொட்டினாள். அழகுதான். ஆனால் அந்த வெளிச்சத்தை இயக்குபவர் எங்கோ ஒரு பலகையின் முன் உட்கார்ந்திருக்கிறார். எனக்குப் பிடித்தது, அந்த விளக்குகளுக்கு இடையே கூட்டம் கொஞ்சம் தாளம் தப்பிக் கைதட்டிய இடங்கள்.

அண்ணன் இப்போது ஓய்வு பெற்றுவிட்டார். போன வாரம் போனில் பேசும்போது, "அந்த ஓ ஓ பாட்டு பேரு என்ன தம்பி, பேத்திக்குப் போட்டுக் காட்டணும்" என்றார். அனுப்பினேன்.

அந்த ராத்திரி நாங்கள் ஓசூர் வந்து சேர்ந்தபோது மணி ஒன்று. பஸ் ஸ்டாண்ட் டீக்கடை டிவியில் உலகக் கோப்பை ஆட்டம். இந்தியா 191-க்கு ஆல் அவுட், வங்கதேசத்துப் பையன்கள் நிதானமாக ஓட்டம் சேர்த்துக்கொண்டிருந்தார்கள். இருபது பேர் வாயே திறக்காமல் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அண்ணனுக்குத் தொண்டை கட்டிப்போயிருந்தது. இரண்டு விரலைக் காட்டி டீ சொன்னார். டீ வரும் வரை மேஜையில் விரலால் அந்த மெட்டைத் தட்டிக்கொண்டே இருந்தார். பக்கத்தில் நின்ற லாரி டிரைவர் ஒருவர் கண்ணைத் திரையிலிருந்து எடுக்காமலே, டம்ளரில் மோதிரத்தால் கூடத் தட்ட ஆரம்பித்தார்.