பூக்க முன்னம் பிடுங்குங்கோ

எங்கள் விவசாய சேர் சென்ற மாசியில் ஊரில் காலமானார். ரொறன்ரோவில் நடந்த அஞ்சலிக் கூட்டத்தில் அவருடைய படிப்பித்தலைப் பற்றியும் எங்கள் பெறுபேறுகளைப் பற்றியும் எல்லோரும் நன்றாகப் பேசினார்கள். அவருடைய கைகளைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

2002க்குப் பிந்திய சமாதான காலத்தில் படித்தவர்களுக்குச் சிரமதானத்தை, பாடசாலையடியில் எல்லோரும் சேர்ந்து களை பிடுங்கியதை, விளக்கத் தேவையில்லை. மாரி ஓய்ந்து தை பிறந்தால் சனிக்கிழமைகளில் உரப்பையோடு பின் கேற்றடியில் நிற்போம். கையுறை ஏது? சேர் ஒவ்வொருவர் கையிலும் சொப்பின் பையைப் போட்டு மணிக்கட்டில் சணலால் கட்டிவிடுவார். பார்த்தீனியம், தோலில் பட்டால் ஒவ்வாமை தரும் களை. ஈர மண்ணில் அதை அடியில் பிடித்து இழுத்தால் வேரோடு வரும். முளைத்து ஒரு மாதம், ஒன்றரை மாதத்தில் பூத்துவிடும். ஒரு செடியே ஆயிரக்கணக்கில் விதை போடும். அது மண்ணுக்குள் வருடக்கணக்கில் உயிரோடு கிடக்கும்.

"பூக்க முன்னம் பிடுங்குங்கோ பிள்ளையள். பூத்தாப் பிறகு இழுத்தா நாங்களே விதைச்ச மாதிரி."

பைகள் எங்களுக்கே காணாது என்பதால் சேர் வெறுங்கையோடுதான் பிடுங்குவார். மாசி வர அவருக்கு முழங்கை வரை தோல் தடித்து, கறுத்து, வெடித்திருக்கும். அந்த வெக்கையிலும் முழுக்கைச் சட்டை போட்டு, மணிக்கட்டுப் பொத்தானையும் பூட்டியிருப்பார். கரும்பலகையில் எழுதிக்கொண்டே இருப்பவர் சட்டைக்கு மேலால் ஒருக்கால் சொறிந்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடருவார்.

ஒழுங்கை முடியுமிடத்தில் முட்கம்பி. அதில் மிதிவெடி அபாயப் பலகை. அங்கால், ஆட்கள் இடம்பெயர்ந்து போன தோட்டக் காணிகளில், பார்த்தீனியம் இடுப்பளவு உயரத்தில் வெள்ளையாகப் பூத்து நிற்கும். இங்கால் என்ன பிடுங்கினாலும் அடுத்த மாரிக்கு அந்த விதை வந்து முளைக்கத்தானே போகிறது என்று நாங்கள் சலித்துக்கொண்டோம். சேர் கம்பியைப் பார்த்தார். "அங்கால போகேலாது. இங்கால நிக்கிறதைப் பிடுங்குங்கோ. வாற வருசமும் வருவம்."

2006 ஆவணியில், சண்டை திரும்பத் தொடங்க, யாழ்ப்பாணத்தைத் தெற்கோடு இணைக்கும் ஏ-9 பாதை மறுபடி பூட்டுப்பட்டது. அப்புறம் நாங்கள் ஒவ்வொருவராக வெளிக்கிட்டோம். வாற வருசம் வந்தது அவரும் அடுத்த வகுப்புப் பிள்ளைகளும்தான்.

இங்கே ரொறன்ரோவில் ஆவணியில் றாக்வீட் என்ற களை பூக்க எனக்குத் தும்மல் தொடங்கிவிடும். அதுவும் பார்த்தீனியத்தின் குடும்பம்தான். ஒருமுறை தொலைபேசியில் அதைச் சொன்னபோது, "அங்க ஆர் பிடுங்கிறது?" என்று கேட்டார். ஊர் நிலைமையைக் கேட்டேன். "பொடியள் வருவினம். உங்கட பச்சில்தான் இஞ்ச ஒருத்தரும் இல்லை." குறையாகச் சொல்லவில்லை, கணக்குத்தான் சொன்னார். எனக்கு அன்று இரவு நித்திரை வரவில்லை.

சேரின் நினைவாக என்ன செய்யலாம் என்று எங்கள் பழைய மாணவர் சங்கம் கேட்டிருக்கிறது. சிலை வேண்டாம். பாடசாலைக்கு நல்ல தடித்த கையுறைகள் வாங்கிக் கொடுப்போம், வருடா வருடம். வருகிற தையில் அவற்றைக் கொண்டு நான் போகிறேன். இரண்டு சனிக்கிழமையாவது பிள்ளைகளோடு நிற்பேன். கூட வரக்கூடியவர்கள் மார்கழிக்கு முன்னம் செயலாளரிடம் பெயர் கொடுங்கள்.