கிறிஸ்துமஸ் ஒரே நாளில் முடிவதில்லை

டிசம்பர் வந்தாலே வீட்டில் ஒரு பதற்றம் தொற்றிக்கொள்கிறது. எல்லாவற்றையும் 25-ஆம் தேதிக்குள் முடித்தாக வேண்டுமாம்! யார் போட்ட சட்டம்? திருச்சபை மரபுப்படி அன்றுதான் கிறிஸ்துமஸ் காலமே தொடங்குகிறது; ஞானிகள் குழந்தை இயேசுவைக் கண்டதை நினைவுகூரும் ஜனவரி 6 திருக்காட்சி விழாவையும் தொட்டு நீள்கிறது. கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு ஞாயிறுகளும் திருவருகைக் காலம், காத்திருப்பதற்கானவை. நாமோ காத்திருக்க வேண்டிய நாட்களில் ஓடித் தீர்த்துவிட்டு, கொண்டாட வேண்டிய நாட்களில் படுத்துவிடுகிறோம்.

அதனால் பெரியப்பா வீடு, சித்தி வீடு எல்லாம் இப்போது 28-க்கு மேல்தான். அவர்களுக்கும் அதுதான் வசதி, வெளியே சொல்லவில்லை, அவ்வளவுதான். பரிசுக்குச் சீட்டுக் குலுக்கல்: ஆளுக்கு ஒரு பெயர், ஒரே ஒரு பரிசு. குழந்தைகளுக்கு மட்டும் விதிவிலக்கு.

சமையலைப் பங்கு போடுவதில்தான் இன்னும் இழுபறி. "நானே பார்த்துக்கறேன்" என்பார் அம்மா. அப்புறம் தேவாலயத்தில் திருப்பலி வழிபாடு முடிந்து வந்ததும் உடைகூட மாற்றாமல் அடுப்படியில் நிற்பார். இந்த வருடம் காய் நறுக்குவது முதல் நாள் இரவே ஆண்கள் பொறுப்பு. வெங்காயம் ஒரே அளவில் இருக்காது, பரவாயில்லை. முணுமுணுக்கும் மச்சான்கள் தட்டு கழுவலாம்.