நிலையும் சன்னலும்

காரைக்குடிக்குப் பக்கத்து ஊர் ஒன்றில், பழைய நகரத்தார் வீட்டின் இரண்டாங்கட்டில் எங்கள் அலுவலகம் இருக்கிறது. பழைய தமிழ்ப் புத்தகங்களை ஸ்கேன் செய்து, படத்தை எழுத்தாக்கி, பிழை திருத்தி, மறுபதிப்புக்குக் கொடுப்பது வேலை. இந்தப் பகுதியில் இதற்குப் புத்தகம் தேடிப் போக வேண்டியதில்லை. கோட்டையூரில் ரோஜா முத்தையா செட்டியார் வாழ்நாள் முழுக்கச் சேர்த்தவைதான் 1994இல் சென்னையில் ஆராய்ச்சி நூலகமாக ஆயின. அவரைப் போலச் சேர்த்தவர்கள் அதிகமில்லை என்றாலும், ஒரு வீட்டைப் பாகம் பிரிக்கும்போது பெட்டகத்துக்குள்ளிருந்து இரண்டு கட்டுப் புத்தகமாவது இன்றும் வெளியே வருகிறது.

நான் ஒன்பது வருடமாக இதைச் செய்கிறேன். இந்த வேலையில் கண்ணுக்கும் பிழைக்கும் நடுவே இருப்பது, எழுத்தைத் திருத்தும் மென்பொருளான எடிட்டரின் சன்னல் ஒன்றுதான். அதன் தோற்றத்தை மாற்றுவதைப் பொழுதுபோக்கு என்று பலர் நினைக்கிறார்கள். என் அனுபவத்தில், அதில் நான் செய்த ஒவ்வொரு மாற்றத்துக்கும் பின்னால் ஒரு பிழையோ ஒரு கண்வலியோ இருந்திருக்கிறது.

முதல் மாற்றம் ஒரு பெரிய நஷ்டத்துக்குப் பிறகு வந்தது. அப்போது நான் வேறோர் அலுவலகத்தில் இருந்தேன். ஒரே பெயரில் இரண்டு கோப்புகள், 'மூலம்' என்ற அடைவில் (ஃபோல்டரில்) ஒன்று, 'திருத்தம்' என்ற அடைவில் ஒன்று. அன்று நான் பயன்படுத்திய எடிட்டரில் சன்னலின் தலைப்பில் கோப்பின் பெயர் மட்டும்தான் தெரியும். எந்த அடைவு என்று தெரியாது. மூன்று நாள் திருத்தங்களை மூலக்கோப்பில் செய்துகொண்டிருந்தேன். மூன்றாம் நாள் இரவு, வழக்கம்போல ஸ்கேனர் இயந்திரத்திலிருந்து மூலத்தை மறுபடி நகலெடுத்தார்கள். காலையில் வந்து திறந்தால் ஒரு திருத்தமும் இல்லை. நூற்றுப் பத்துப் பக்கம். திரும்பவும் முதலிலிருந்து பார்த்தேன். இரண்டாம் முறை பார்க்கும்போது கண் சலித்துப் போய், முதல் முறை பிடித்த பிழைகளில் எத்தனையைத் தவறவிட்டேனோ என்ற பயம் அந்தப் புத்தகம் அச்சாகி வந்த பிறகும் போகவில்லை.

அதற்குப் பிறகுதான் ஈமேக்ஸுக்கு மாறினேன். 1976இல் எம்.ஐ.டி.யில் பிறந்து, 1985இல் குனு ஈமேக்ஸாக வெளிவந்த பழைய எடிட்டர் அது. அதன் அமைப்புக்கோப்பில் நான் முதலில் எழுதிய வரி தலைப்புப் பட்டைக்கானது. கோப்பின் பெயரோடு முழுப் பாதையும் தலைப்பில் தெரிய வேண்டும். இரண்டாவது, மூலம் அடைவில் உள்ள எதைத் திறந்தாலும் பின்னணி பழுப்பேறிய தாளின் நிறத்தில் வரவேண்டும், அதில் தட்டச்சு செய்யவும் முடியக்கூடாது. திருத்தம் அடைவு என்றால் வெள்ளை. இப்போது தலைப்பைப் படிக்காமலே தெரிகிறது. வாசலில் நிற்கும்போதே நம் வீடா அடுத்த வீடா என்று தெரிவது போல.

வாசல் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். ஈமேக்ஸில் 'சன்னல்' என்ற சொல்லுக்குப் பொருள் வேறு. நாம் திரையில் திறக்கும் முழுப் பெட்டியை அது ஃபிரேம் என்கிறது. அந்தப் பெட்டிக்குள் பிரித்துக்கொள்ளும் ஒவ்வொரு பகுதியும்தான் அதற்குச் சன்னல். முதல் ஒரு மாதம் இதில் குழம்பினேன். ஒரு நாள் நானும் பக்கத்து மேசைத் தம்பியும் ஃபிரேமுக்கு என்ன சொல் போடலாம் என்று பேசிக்கொண்டிருந்தபோது, வீட்டுக்கார ஆச்சி காபி டம்ளர் எடுக்க வந்தவர், "அதுக்கென்ன தம்பி, நிலைன்னு சொல்லுங்க. நிலை வச்சாத்தானே வீடு, சன்னல் அப்புறம்தானே" என்றார். முகப்பில் கஜலட்சுமி செதுக்கிய பர்மா தேக்கு நிலையைத் தினமும் தாண்டித்தான் உள்ளே வருகிறோம், எங்களுக்குத் தோன்றவில்லை. அன்றிலிருந்து எங்கள் அலுவலகத்தில் ஃபிரேம் என்றால் நிலை.

அந்த நிலையை முதலில் காலி செய்தேன். மேலே இருக்கும் டூல்பார், மெனு, ஓரத்து ஸ்க்ரோல்பார் மூன்றையும் எடுத்தேன். இரண்டு மூன்று வரிகள் கூடுதலாகக் கிடைத்தன. சின்ன லாபம்தான். ஆனால் ஒரு அச்சுப்பக்கம் முழுவதும் திரையில் நிற்கிறதா, கடைசி இரண்டு வரி கீழே ஒளிகிறதா என்பது அந்த மூன்று வரியில்தான் இருந்தது. ஈமேக்ஸ் 27இலிருந்து, நிலை திறப்பதற்கு முன்பே படிக்கப்படும் ஒரு தனி அமைப்புக்கோப்பு உண்டு. இவற்றை அங்கே எழுதினால், திறந்தவுடன் பட்டைகள் தோன்றி மறைகிற அந்தத் துடிப்பும் இருக்காது.

இடது சன்னலில் ஸ்கேன் படம், வலது சன்னலில் எழுத்து. வரிகளை மடிக்க விடுவதில்லை. அச்சில் ஒரு வரி என்றால் திரையிலும் ஒரு வரி, அது எவ்வளவு நீளமானாலும் சரி. மடித்துவிட்டால் இடமும் வலமும் பார்க்கும்போது கண் வரி தவறிவிடும். கர்சர் நிற்கும் வரிக்கு மட்டும் லேசான நிறம் கொடுத்திருக்கிறேன். எங்களுக்கு மெய்ப்பு பார்த்துத் தரும் ஐயா, ஓய்வுபெற்ற தமிழாசிரியர், அச்சுத்தாளில் மர அடிக்கோலை வரிக்குக் கீழே வைத்து நகர்த்திக்கொண்டே படிப்பவர். இதைக் காட்டியதும், "அடிக்கோல் தானா நகருதே தம்பி" என்று சந்தோஷப்பட்டார்.

வெளிச்சம் ஒரு தனிப் பிரச்சினை. செட்டிநாட்டு வீட்டில் வெளிச்சம் சன்னல் வழியாக வருவதைவிட வளவு வழியாகத்தான் அதிகம் வரும். நடுவில் திறந்த முற்றம். உச்சி வெயில் அதில் இறங்கி, ஆத்தங்குடிக் கல் பதித்த தரையிலும் கண்ணாடிபோல மெருகேற்றிய சுவரிலும் பட்டு எங்கள் மேசைக்கு வந்து சேரும். எல்லாரும் கறுப்பு தீம் கண்ணுக்கு நல்லது என்று சொன்ன காலத்தில் நானும் வைத்துப் பார்த்தேன். பகல் பதினொரு மணிக்கு மேல் திரையில் என் முகமும் பின்னால் இருக்கும் தூணும்தான் தெரிந்தன. இப்போது ஈமேக்ஸோடு சேர்ந்தே வரும் மோடஸ் தீம்களை வைத்திருக்கிறேன். எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது ஏழுக்கு ஒன்று என்ற வேறுபாடு இருக்கும்படி அமைக்கப்பட்டவை அவை. பகலில் வெளிர், விளக்குப் போட்ட பிறகு கறுப்பு, ஒரே விசையில் மாறும். கறுப்பில் வேலை செய்யும்போது எழுத்துருவை ஒரு படி தடிமனாக்கிக்கொள்வேன். மெல்லிய எழுத்தாக இருந்தால் தமிழின் சுழிகள் கறுப்பில் கரைந்து, ணகரத்தின் சுழியை எண்ண முடியாமல் போகும். ணகர னகரம் பார்ப்பவனுக்கு அது சரிப்படாது.

எழுத்துருவைப் பற்றி எழுதினால் எழுதிக்கொண்டே இருக்கலாம். எங்களிடம் வரும் புத்தகங்கள் பெரும்பாலும் 1978க்கு முந்தியவை. அந்த வருடம்தான் தமிழ்நாடு அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஆணையாக்கியது. பெரியார் 1935இலேயே குடி அரசில் நடைமுறைப்படுத்தியது அது. அதற்கு முன் அச்சான புத்தகங்களில் ணை, லை, ளை, னை நான்கும் தும்பிக்கையோடு இருக்கும். ணா, றா, னா மூன்றும் கால் தனியாக நிற்காமல் எழுத்தோடு வளைந்திருக்கும். ஒகர ஓகார வரிசையையும் சேர்த்து மொத்தம் பதின்மூன்று எழுத்துகள். இடது சன்னலில் தும்பிக்கை வைத்த எழுத்து, வலது சன்னலில் இன்றைய எழுத்து என்றால், கண் ஒவ்வொரு முறையும் ஒன்றை மற்றொன்றாக மொழிபெயர்க்க வேண்டியிருக்கிறது. நாள் முழுக்க அப்படிச் செய்தால் சாயங்காலம் தலை கனக்கும்.

லோஹித் தமிழ் கிளாசிக்கல் என்ற இலவச எழுத்துரு இருப்பது தெரிந்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. தமிழ் எழுத்துகளுக்கு மட்டும் அதைப் பயன்படுத்தும்படி ஒரே ஒரு வரி எழுதினேன். வலது சன்னலிலும் தும்பிக்கை வந்துவிட்டது. கோப்பில் ஒரு எழுத்துக்கூட மாறவில்லை. கணினிகளுக்கான பொது எழுத்துக் குறியீட்டு முறையான யூனிகோடில் ணை என்பது பழைய உருவத்துக்கும் புதிய உருவத்துக்கும் ஒரே ணை. காட்டுகிற எழுத்துரு மட்டும் வேறு. இடமும் வலமும் ஒன்றுபோல இருந்ததால், எது ஒன்றுபோல இல்லையோ அது தானாகக் கண்ணில் பட்டது. அன்று பார்த்த பக்கங்கள் வழக்கத்தைவிட அதிகம்.

ஆனால் பல எழுத்துருக்களால் காட்ட முடியாத பிழை ஒன்று உண்டு. ரகரமும் துணைக்காலும். பல எழுத்துருக்களில் ரகரத்துக்கு மேலே புள்ளி வைத்தாலோ இகரக் கொக்கி போட்டாலோ கீழே இருக்கும் சாய்கோடு போய்விடும். அப்போது அது துணைக்காலுக்கு மேல் புள்ளி வைத்தது போலவே இருக்கும். படத்தை எழுத்தாக்கும் மென்பொருளும் சரி, அவசரத்தில் தட்டச்சு செய்பவர்களும் சரி, 'அவர்' என்பதில் ரகரத்துக்குப் பதிலாகக் காலைப் போட்டுவிடுகிறார்கள். பார்க்க அவர்தான். தேடினால் கிடைக்காது. ஒருமுறை ஐயாவே ஒரு சொல்லை விரலால் தொட்டு, "இந்த ர் காலில்லாம நிக்குதே தம்பி, இது அச்சுக்காரர் போட்டதா, நாம போட்டதா?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை.

அன்று மாலை உட்கார்ந்து ஒரு விதி எழுதினேன். துணைக்காலுக்குப் பின்னால் புள்ளியோ இகரமோ ஈகாரமோ வந்தால், முந்தைய எழுத்தோடு சேர்த்துச் சிவப்புப் பின்னணி. கோப்பைத் திறந்தேன். முதல் பக்கத்திலேயே பதினேழு இடம் சிவந்தது. நல்ல கோப்பு என்று நான் நம்பிக் கொடுத்தவற்றையெல்லாம் அன்றிரவே திறந்து பார்த்தேன். அவற்றில் இரண்டைத் திரும்ப வாங்கித் திருத்திக் கொடுத்தோம்.

தமிழ் எண்களுக்கு வேறு நிறம், கரும்பச்சை. பழைய புத்தகங்களில் பக்க எண், அத்தியாய எண் எல்லாம் தமிழ் இலக்கம். ௧ என்ற எண்ணும் க என்ற எழுத்தும், ௭ என்ற எண்ணும் எ என்ற எழுத்தும் திரையில் ஏறக்குறைய ஒன்றே. பச்சையாக இருக்க வேண்டியது கறுப்பாக இருந்தால் அங்கே எண்ணுக்குப் பதில் எழுத்து உட்கார்ந்திருக்கிறது என்று பொருள்.

கர்சரையும் விடவில்லை. முதலில் மெல்லிய கோடாக வைத்திருந்தேன், அழகாக இருந்தது. பிறகு கட்டக் கர்சருக்கே திரும்பினேன். காரணம் ஔவை. ஔ என்ற ஒரே எழுத்தாகவும் அடிக்கலாம், ஒகரமும் ளகரமும் தனித்தனியாக ஒளவை என்றும் அடித்துவிடலாம். கௌரியும் கெளரியும் அப்படித்தான். கட்டக் கர்சரை மேலே கொண்டுபோனால், சரியான கௌவில் முழு எழுத்தையும் ஒரே கட்டம் மூடும். தவறானதில் கெ மட்டும் மூடப்பட்டு ளகரம் வெளியே நிற்கும். இதைக் கண்டுபிடித்த பிறகு கோட்டுக் கர்சரை நான் திரும்பிப் பார்க்கவில்லை.

ஐயாவுக்கு எழுபத்து நான்கு வயது. கண்புரை அறுவைக்குப் பிறகு என் அமைப்பு அவருக்கு ஒத்துவரவில்லை. தூய வெள்ளை கூசுகிறது என்றார். அவருடைய கணினிக்குத் தனி அமைப்புக்கோப்பு. பின்னணி சந்தன நிறம், எழுத்து என்னுடையதைவிட ஒன்றரை மடங்கு, வரிக்கும் வரிக்கும் நடுவே நல்ல இடைவெளி. பக்கம் முழுவதும் திரையில் நிற்காது. பரவாயில்லை, அவர் வரி வரியாகப் படிப்பவர். இளையவர்கள் நான்கு பக்கம் பார்க்கும் நேரத்தில் அவர் ஒரு பக்கம்தான் பார்ப்பார். அந்த ஒரு பக்கத்தை அதற்குப் பிறகு யாரும் பார்க்க வேண்டியதில்லை.

இந்த மாதம் வந்திருப்பது புத்தகமல்ல. ஒரு வீட்டின் பழைய பேரேடு. வட்டிக்கடைக் கணக்கு. அதில் நூறு, ஆயிரத்துக்கான ௱, ௲ என்ற குறிகளோடு மா, காணி, முந்திரி என்று பின்னங்களுக்கும் குறிகள் வருகின்றன. இந்தப் பின்னக் குறிகள் யூனிகோடில் சேர்ந்ததே 2019இல், 12ஆம் பதிப்பில்தான். முதல் நாள் அடித்துப் பார்த்தபோது திரையில் வெறும் கட்டங்கள், உள்ளே சின்னதாக எண்கள். கூகுளின் இலவச எழுத்துருக்களான நோட்டோ குடும்பத்தில் தமிழ்க் குறிகளுக்கென்றே ஒரு கூடுதல் எழுத்துரு இருக்கிறது. அதை நிறுவி, அந்தக் குறிகளுக்கு மட்டும் அதைப் பயன்படுத்தும்படி ஒரு வரி சேர்த்தேன். மற்ற எழுத்துகளைவிடக் குறிகள் சிறுத்துத் தெரிந்தன, கால் பங்கு பெரிதாக்கினேன். இன்னும் வரியின் உயரம் அங்கங்கே துள்ளுகிறது, சரி செய்ய வேண்டும்.

நேற்று ஐயாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். கண்ணாடியை மாற்றிப் போட்டுக்கொண்டு, திரைக்கு அருகே குனிந்து, விரலால் ஒவ்வொரு குறியாகத் தொட்டு வாசித்தார். "மா, இருபதில் ஒண்ணு. காணி, எண்பதில் ஒண்ணு. முந்திரி, முந்நூற்றிருபதில் ஒண்ணு." நிறுத்தி, மறுபடி முதல் குறிக்கு வந்தார். "இதெல்லாம் எங்க அப்பா எழுதிப் பார்த்தது. இன்னும் கொஞ்சம் பெருசா வைக்க முடியுமா தம்பி?"

கண்ட்ரோலைப் பிடித்துக்கொண்டு சக்கரத்தை இரண்டு முறை உருட்டினேன்.